பாலராமபுரத்துப் பழமும் பச்சை உணவும்

பாலராமபுரம் என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவது கசவுக் கரையிட்ட வெண்ணிற வேட்டியும் சேலையுமே ஆகும். அவ்வூரைப் பற்றி எழுதப் புகுந்தவன் தறியை விட்டுவிட்டுப் பழத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். தறியைப் பற்றி எழுதத் தக்கார் பலர் உளர். நானோ அவ்வூரில் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், அடுப்பேறிய பொருள் எதனையும் உண்ணாது வாழ்ந்து பார்த்தவன். அதனால் எனக்கு விளைந்த நன்மையையும், என் இல்லத்தில் நேரவிருந்த ஒரு கேட்டையும் மறைக்காது எழுதுமாறு நம் சங்கச் செயலாளர் பணித்தார். அவர் சொல்லைத் தட்ட இயலாமையால் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் புகைவண்டியில் ஏறினால், நேமத்தை அடுத்து வருவது பாலராமபுரம். அதன்பின் நெய்யாற்றின்கரை; பிறகு பாறசாலை; அப்பால் களியிக்காவிளை எல்லை கடந்து நம் தமிழ்நாடு. இந்த இருப்புப்பாதை திறக்கப்பெற்றது 1979ஆம் ஆண்டில்தான். தலைநகரில் வாடகை கொடுக்க இயலாத என் போன்ற எழுத்தர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். பார்சல் பகுதியில் நாள் முழுதும் கூடை எண்ணிச் சீட்டு எழுதிவிட்டு, மாலை வண்டியில் ஏறினால் அரைமணி நேரத்திற்குள் தென்னை நிழலுக்கு வந்துவிடலாம்.

ஊரின் நடுவே நெடுஞ்சாலை. அதன் ஒருபுறம் விழிஞ்ஞம் கடற்கரைக்குச் செல்லும் சாலை. மறுபுறம் காட்டாக்கடை வழியாக மலையடிவாரத்திற்குச் செல்லும் சாலை. கடலில் பிடித்த மீனும் மலையில் விளைந்த குலையும் சந்திக்கும் நாற்சந்தி என்றே இதனைச் சொல்லலாம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட அவிட்டம் திருநாள் பாலராம வர்மாவின் பெயரால் அமைந்த ஊர் இது. அரண்மனைக்கு வேண்டிய துணி நெய்வதற்காகத் தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து, தெரு வகுத்துக் குடியமர்த்தினர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புத்தன் தெரு என்று அத்தெருக்கள் இன்றும் வழங்குகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிழைப்பைத் தேடி எல்லை கடந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று எண்ணும்போது, நேற்றுவந்த எனக்கு அத்தெரு அன்னியமாகத் தோன்றவில்லை. அவர்கள் பேச்சில் இப்போது மலையாளமே மிகுதி. ஆயினும் சினம் வந்தால் தமிழ் வரும்.

விடியற்காலையில் அத்தெருவில் நடப்பது ஓர் இன்பம். தெருவின் நீளத்திற்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அதற்குக் கஞ்சி தோய்த்து, பெரிய தூரிகையால் இருவர் இருபுறமும் நின்று ஒரே சீராக உருவி விடுவார்கள். வெயில் ஏறுமுன் அந்த வேலை முடிய வேண்டும். கஞ்சி குடிக்காத நூல் தறியில் அறுந்துபோகும் என்பார்கள். நான் கஞ்சியைத் துறந்திருந்த நாட்களில், ஒரு கையில் உரித்த வாழைப்பழத்துடன் அவ்வழியே செல்லும்போது, எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி இதனைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அவர் அறுபதாண்டு பாவு கண்டவர். அச்சொல்லின் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

பச்சை உணவில் எனக்குப் பற்று உண்டானது எவ்வாறு என்று கூறுகிறேன். என் பிறந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில் கடையத்திற்குப் பக்கம். அங்கிருந்து மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது சிவசைலம். அவ்வூரில் இராமகிருஷ்ணன் என்னும் பெரியவர் நல்வாழ்வு ஆசிரமம் அமைத்து, சமைக்காத இயற்கை உணவே மனிதனுக்கு உரியது என்று பல்லாண்டு கற்பித்து வந்தார். தேங்காயும் வாழைப்பழமும் இருந்தால் ஒரு மனிதனுக்குப் போதும் என்பது அவ்வழியினரின் கொள்கை. சிறுவனாயிருந்தபோது எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. முப்பது கடந்து, நாற்காலியிலேயே பத்தாண்டு அமர்ந்து, வயிறு முன்னே வரவும் மூச்சு பின்னே வாங்கவும் தொடங்கியபோது அது வேடிக்கையாக இல்லை.

மேலும், பாலராமபுரத்தில் வாழ்பவனுக்குப் பழம் தேடிப் போக வேண்டுவதில்லை. பழமே தேடி வரும். காட்டாக்கடைச் சாலையில் காலையில் வந்திறங்கும் வாழைக்குலைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்: செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோடன், பேயன், ஏத்தன். சுண்டுவிரல் போன்ற மட்டிப் பழம் எல்லைக்கு அப்பாலிருந்து வரும். குமரி மாவட்டத்து மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதற்கு முன்பும் அதன் மணம் இதுவேதான்.

பலாவைச் சொல்லாமல் இப்பக்கத்தைப் பற்றி எழுத முடியாது. இங்கே அதற்குச் சக்கை என்று பெயர். குமரி மாவட்டத்துத் தமிழரும் அவ்வாறே வழங்குவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்திற்கும் நெய்யாற்றின்கரை கேரளத்திற்கும் என்று தாலுகாக்களைப் பிரித்தார்கள். சக்கையைப் பிரிக்க முடியவில்லை. சுளை கெட்டியாக இருந்தால் வருக்கை; குழைந்து வழுக்கினால் கூழன். வருக்கையைத் தட்டில் வைத்து விருந்தினர்க்குக் கொடுப்பார்கள். கூழனைக் கதவைச் சாத்திக்கொண்டு உண்ண வேண்டும். கை, வாய், முழங்கை எல்லாம் உண்ணும். என் வாக்கு கூழனுக்கே. 2018இல் கேரள அரசு பலாவைத் தன் மாநிலக் கனியாக அறிவித்தது. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற முதுமரத்தின் அடிமரம் இன்றும் காத்து வைக்கப்பட்டிருக்கிறது. பகைவராகிய எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது, பின்னாளில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா ஒளிந்து உயிர் தப்பியது இம்மரத்துப் பொந்தில் என்பது ஊர் வழக்கு. அரசருக்கே அடைக்கலம் தந்த மரத்தின் இனம் எழுத்தனுக்கு ஒருவேளை உணவு தாராதா என்று எண்ணிக் கொள்வேன்.

அயனிச்சக்கை என்று மற்றொன்று உண்டு. ஆஞ்சிலி மரத்துக் கனி. கைப்பிடி அளவு, மேலெல்லாம் மெல்லிய முள், உள்ளே மஞ்சள் நிறச் சிறுசுளைகள். பலாவின் தங்கை என்று சொல்லலாம். ஆனால் அக்காளைவிட நயமானவள். மரம் நெட்டையாக வளர்வதால் ஏறிப் பறிக்க ஆளில்லை. விழுந்து உடைந்ததை அணிலும் எறும்பும் உண்கின்றன. அதே சாலையோரத்தில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் வலைப்பையில் தொங்குகின்றன. மலேயாவில் வாழ்ந்த நம் மக்களுக்கு இவை புதியன அல்ல. ரம்புத்தான் என்ற பெயரே மலாய் மொழியில் மயிர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கனியைக் கண்டவர் காரணம் கேட்க மாட்டார். மங்குஸ்தானை நம் நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகளிலும் வளர்த்து வருகின்றனர். இவற்றை வாங்கி உண்பதில் பிழையில்லை. ஆனால் கிலோ கணக்கில் விலை கொடுத்து அயல்நாட்டுக் கனியைச் சுமந்து வருபவன், காலடியில் கிடக்கும் அயனிச்சக்கையை மிதித்துவிட்டு வருகிறான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். நானும் மிதித்தவனே.

பாறசாலைப் பக்கம் போனால் பனை. அங்கே பதநீருக்கு அக்கானி என்று பெயர். காலை வெயிலுக்கு முன் குடித்துவிட வேண்டும். நுங்கு, சாம்பக்காய், கொல்லாம்பழம், ஓமக்காய் என்று இங்கு வழங்கும் பப்பாளி, கைதச்சக்கை என்னும் அன்னாசி: எழுதிக்கொண்டே போனால் ஆசிரியர் கத்தரிக்கோலை எடுப்பார்.

ஆக, சித்திரை மாதத்தில் தொடங்கினேன். பாலும் மோரும்கூட விலக்கு. காலையில் தேங்காய்த் துருவலும் இரண்டு செந்துளுவனும். நண்பகலில் வெள்ளரிக்காய், முளைகட்டிய பயறு, ஏதேனும் கீரை. இரவில் சக்கையோ மாம்பழமோ. முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரத்தில் பசி அடங்கியது. மூன்றாம் வாரத்தில் நிலையத்து மேம்பாலப் படிகளை நிற்காமல் ஏறினேன். 48 நாட்களில் 6 கிலோ குறைந்தது. இவ்வளவும் உண்மை.

நகைப்பிற்கு இடமானதும் உண்டு. அவல் சமைக்காத உணவு என்று கருதி, தேங்காயுடன் பிசைந்து நாள்தோறும் உண்டு வந்தேன். பாட்டி ஒருநாள் அதைக் கண்டு, "மக்களே, நெல்லை ஊறவைத்து வறுத்துத்தானே அவல் இடிக்கிறோம், அது தீ காணாததா?" என்று கேட்டார். முந்திரிப் பருப்பிலும் இதே கதை. ஓட்டின் எண்ணெய் கையைப் பொசுக்கும் ஆகையால், வறுத்தோ ஆவியில் வைத்தோதான் பருப்பை எடுக்கிறார்கள். கடையில் பச்சைப் பருப்பு என்று விற்பதும் அப்படித்தான். விரதத்தின் பாதி அங்கேயே போயிற்று.

காந்தியடிகளும் இவ்வழியில் நடந்து பார்த்தவரே. தென்னாப்பிரிக்காவில், நம் தமிழ்க் குடும்பங்கள் பல தங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணையில், 1912இல் அவரும் காலன்பாக்கும் பாலை விட்டனர். பின்பு பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றையே உண்டு காலம் கழித்தனர். 1929இல் ராஜமுந்திரி நண்பர் ஒருவரின் வழிகாட்டலில் மீண்டும் தீயில்லா உணவைத் தொடங்கினார். முளைகட்டிய தானியம், பச்சிலை, எலுமிச்சை என்று சில மாதங்கள் சென்றன. வயிற்றுக்கடுப்பு வந்தது, ஆகஸ்டில் அதனை நிறுத்தினார். நிறுத்தியதைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் தாமே எழுதி வெளியிட்டார். தொடங்கியதைப் பறைசாற்றுவோர் பலர். நிறுத்தியதை எழுதுவோர் அரியர். இக்கட்டுரை எழுத எனக்குத் துணிவு தந்தது அதுவே.

இனி என் வீட்டில் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

என் அன்னையார் எங்களுடன் இருக்கிறார். அறுபத்தைந்து வயது. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாகக் காலையும் இரவும் மாத்திரை உண்பவர். நான் நாள்தோறும் உணவு வேளையில் என் புதிய ஞானத்தை வீட்டாருக்கு உபதேசிப்பேன். அடுப்பில் வைத்த உணவு உயிரற்றது என்பேன். அரிசிச் சோறே நோய்க்கு வித்து என்பேன். என் மனைவி கேட்டும் கேளாதது போல் குழம்பு ஊற்றுவாள். அன்னையார் மட்டும் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மௌனம் மறுப்பு என்று நான் நினைத்தேன். அது நம்பிக்கை என்று பின்னரே அறிந்தேன். படித்த மகன் சொல்கிறான் அல்லவா?

வைகாசியில் எனக்கு இரவுப் பணி வந்தது. நான் இல்லாத இரவுகளில் அவர் சோற்றை மெல்ல மருமகளின் கண்ணில் படாது ஒதுக்கிவிட்டு, வெள்ளரித் துண்டுகளும் சிறிது தேங்காயும் மட்டும் உண்டு வந்திருக்கிறார். பழத்தில் சர்க்கரை என்று அஞ்சி அதையும் விட்டார். மாத்திரையை மட்டும் விடவில்லை. அது வழக்கம்போல் தன் வேலையைச் செய்தது. நான்காம் நாள் விடியலில், முற்றம் தெளிக்கப் போனவர் படியிலேயே அமர்ந்துவிட்டார். உடல் எல்லாம் குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். என் மனைவி பேயறைந்தது போல் நிற்க, தெருவில் பாவுக்குக் கஞ்சியுடன் நின்ற பாட்டி அதைக் கண்டு ஓடி வந்தார். அவருடைய கணவருக்கும் அதே நோய் இருந்ததால் அறிகுறி தெரியும். சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து, அன்னையார் விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துப் புகட்டினார். கால்மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. பின்பு ஆட்டோவில் மருத்துவரிடம் சென்றனர். நான் வண்டியிலிருந்து இறங்கி வீட்டிற்கு வந்தபோது எல்லாம் முடிந்து, அன்னையார் இட்டிலி உண்டுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன் ஐயா" என்றார். அவர் என்னைக் கடிந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மருத்துவர் கூறியது சுருக்கமானது. மாத்திரையின் அளவு உண்ணும் சோற்றின் அளவை வைத்து எழுதப்பட்டது. உணவை மாற்றுவதானால் முதலில் தம்மிடம் வர வேண்டும். மாத்திரையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பச்சை உணவைப் பற்றி அவர் இகழ்ந்து ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "48 நாட்களில் நன்மைதான் தெரியும், குறை தெரியாது" என்றார். பி-12 என்னும் வைட்டமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. உடல் தன் சேமிப்பிலிருந்து அதனைச் சில ஆண்டுகள் செலவழித்துக் கொண்டிருக்கும். சேமிப்புத் தீரும்போதுதான் கால் மரத்துப்போதலும் சோர்வும் தோன்றும். ஜெர்மனியில் நெடுங்காலம் பச்சை உணவே உண்ட 201 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட அறிக்கையிலும் இவ்விரு முகமும் இருந்தன: இரத்தத்தில் தீய கொழுப்பு குறைவு, பி-12 குறைபாடோ பலரிடம். ஆகவே பாலும் விட்டவர்கள் அவ்வைட்டமினை மாத்திரையாகவேனும் உட்கொள்ள வேண்டும் என்றார்.

அன்று தொட்டு, இவ்வூர்ப் பழங்களை வேறு கண்ணோடும் பார்க்கக் கற்றேன். புளிச்சிக்காய் என்றும் இலும்பன்புளி என்றும் சொல்வார்களே, அதனை மீன் குழம்பில் இரண்டு போடுவது வழக்கம். கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொல்ல, அதனைப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனை சேர்ந்தவர்கள் கேரளத்தில் உண்டு. அத்தகைய பத்துப் பேரைப் பற்றி மருத்துவர்கள் 2013இல் எழுதியுள்ளனர். அதன் உறவாகிய நட்சத்திரப் பழமும் சிறுநீரக நோயுள்ளவர்க்கு ஆகாது. வெளவால் கடித்த கனியையும் தொடலாகாது. 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா நோய் வந்தபின் எங்கள் தெருச் சிறுவர்களுக்கும் இது தெரியும். மரத்தடியில் கிடப்பதை எடுத்துத் துடைத்து உண்ணும் பழைய சுகம் போயிற்று. முழுதாய் உள்ளதைக் கழுவித் தோல் நீக்கி உண்கிறோம்.

இவை எல்லாவற்றிலும் பெரிய பாடம் மரச்சீனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய கிழங்கு அது. அரிசி கிடைக்காத பஞ்ச காலங்களில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, விளவங்கோடு மக்களின் உயிரைக் காத்தது அதுவே. ஆயினும் பச்சையாக உண்டால் அதில் உள்ள சயனைடு நஞ்சு கொல்லும். துண்டு போட்டு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிய பின்னரே அது உணவாகிறது. அதனை வேகவைக்கத் தெரிந்த பெண்களின் கை இல்லையேல் இந்த எல்லை நாட்டில் பாதிக் குடும்பம் மிஞ்சியிராது. தீயை நான் பழித்துப் பேசிய நாட்களில் பாட்டி வீட்டு அடுப்பில் அதுதான் வெந்துகொண்டிருந்தது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அயலூரில் வாழும் நம் குடும்பங்களில், பகலெல்லாம் அவரவர் ஒரு மொழி பேசி ஒரு வேலைக்குப் போய் வருகிறோம். இரவில் ஒரே குழம்பை ஊற்றி உண்ணும் அரைமணி நேரந்தான் வீடு. அந்த 48 நாட்களும் நான் என் தட்டைத் தனியே வைத்துக்கொண்டு, பிறர் தட்டைக் குறை சொல்லிக் கொண்டிருந்தேன். என் தந்தையார் திதி அன்றும் பண்டத்தைத் தொடவில்லை. அன்னையார் என் இலையைப் பார்த்துவிட்டுத் தம் இலையை மூடிவிட்டார். பாட்டி ஓணத்திற்குக் கொடுத்தனுப்பும் பாயசத்தை ஏற்க முடியாமற் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். நல்லவேளை, ஓணம் வருமுன் மண்டலம் முடிந்தது.

இப்போது எங்கள் வீட்டு முறை இது. காலையில் எனக்குப் பழமும் தேங்காயும். அது எனக்கு ஒத்துக்கொண்டது, விடவில்லை. நண்பகலில் சோறு, காய், மோர். அன்னையார்க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு. பழம் என்றால் சிறு துண்டு, அதுவும் உணவோடு. உபதேசம் நின்றது, அதனால் வீட்டில் காற்றோட்டம் பெருகியிருப்பதாக என் மனைவி கூறுகிறாள். அயனிச்சக்கை பறிக்க மரமேறத் தெரிந்த ஒருவரைப் பாறசாலையிலிருந்து பருவத்தில் இருமுறை அழைக்கிறோம். தெருவே பங்கிட்டுக் கொள்கிறது.

இதை எழுதும் இன்று மாலையும் ஒரு கூடை வந்தது. குழந்தைகள் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தனியே சேர்த்தார்கள். அன்னையார் அதனைக் கழுவி, வெயிலில் உலர்த்தி வைத்திருந்த சென்ற வாரத்துக் கொட்டைகளோடு சேர்க்காமல், உலர்ந்ததை மட்டும் எடுத்து இரும்புச் சட்டியில் வறுத்தார். வறுபடும் மணம் தெருவுக்குப் போயிற்று. பாவைச் சுருட்டிக்கொண்டிருந்த பாட்டி, "எனக்கு ஒரு கை வையுங்கள்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அன்னையார் எனக்கும் ஒரு கை வைத்தார்.